ஏமாற்றாமல் ஏமாற்றுவது எப்படி?

1931-ம் வருஷம். இங்கிலாந்து. ஒரு டென்னிஸ் கோர்ட்.

வலைக்கு இந்தப் பக்கம் இரண்டு வாத்தியார்கள். ஒருவர் ஸ்டீபன் பாட்டர். லண்டன் பர்க்பெக் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவர். இன்னொருவர் அதே கல்லூரியில் தத்துவம் நடத்தும் சி.இ.எம். ஜோட். தாடிக்காரர். நாற்பதைத் தொடக் கொஞ்சம்தான் பாக்கி. வலைக்கு அந்தப் பக்கம் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள். வாட்டசாட்டமான பையன்கள். அவர்கள் போடுகிற சர்வீஸ் வாத்தியார்களின் கண்ணில் படுவதற்குள் பந்து பின்னால் போய் விழுந்துகொண்டிருந்தது.

மறுபடி ஒரு சர்வீஸ். இந்தத் தடவை ஜோட் எப்படியோ மட்டையைப் பந்தின் மீது பட வைத்துவிட்டார். பந்து எகிறிப் போய், எதிராளியின் கோட்டுக்கும் 12 அடி பின்னால் இருந்த தடுப்பு வலையில் மோதி விழுந்தது. அவுட்! குருடனுக்கும் தெரியும். பையன்கள் அடுத்த சர்வீஸுக்கு நகர ஆரம்பித்தார்கள்.

அப்போது ஜோட் வாயைத் திறந்தார். கோபம் இல்லை, கத்தல் இல்லை. நிதானமான குரலில், பந்து உள்ளேயா வெளியேயா என்று தயவுசெய்து தெளிவாகச் சொல்லிவிடுங்களேன் என்று கேட்டார்.

பையன்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். ‘நாம் ஏதோ மரியாதைக் குறைவாக நடந்துகொண்டோமோ? நாம் அழுகுணி ஆட்டம் ஆடுவதாக சார் நினைக்கிறாரோ?’ அவசர அவசரமாக, அவுட் என்றுதான் நினைத்தோம், வேண்டுமானால் அந்தப் பாயின்ட்டை மறுபடி ஆடலாம் என்றார்கள். ஜோட் ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடியெல்லாம் வேண்டாம், உள்ளேயா வெளியேயா, அதை மட்டும் சொன்னால் போதும் என்றார்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் பையன்களுக்கு கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. சர்வீஸ் வலையில் விழுந்தது. ‘டபுள் ஃபால்ட்’ ஆனது. வாத்தியார்கள் ஜெயித்துவிட்டார்கள்!

இந்தக் கதையைச் சொன்னவர் பாட்டர். நகைச்சுவை எழுத்தாளர், கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கலாம். ஆனால், ‘கேம்ஸ்மேன்ஷிப்’ என்ற ஆங்கில வார்த்தையின் ஜாதகத்தை அவர் இந்த இடத்திலிருந்துதான் கணிக்கிறார்.

ஜோட் செய்தது தப்பா? விதிப் புத்தகத்தை வரிவரியாகப் புரட்டுங்கள். எதிராளியிடம் மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்கக்கூடாது என்று எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. பொய் சொன்னாரா? இல்லை. பாயின்ட்டைத் திருடினாரா? கொடுக்க வந்ததையே வேண்டாம் என்றார், புண்ணியவான். ஆனாலும் என்னமோ இடிக்கிறது இல்லையா? அந்த ‘என்னமோ’வுக்குத்தான் அந்த வார்த்தை.

தமிழில் இதற்கு நேர் வார்த்தை தேடினால் கிட்டத்தட்ட எல்லாம் வரும், எதுவும் சரியாக உட்காராது. ‘சூழ்ச்சி’ என்றால் சகுனி வந்து நிற்கிறார். ‘தந்திரம்’ என்றால் நரி வருகிறது. ‘சாமர்த்தியம்’ என்றால் பாராட்டாகிவிடுகிறது. ‘அழுகுணி ஆட்டம்’ என்றால் விதியையே உடைப்பது, அல்லது தோற்றதும் கலைத்துவிட்டு வீட்டுக்கு ஓடுவது. கேம்ஸ்மேன்ஷிப் இதில் எதுவும் இல்லை. விதியின் மேல் ஒரு கீறல்கூட விழாமல், எதிராளியின் மனசில் மட்டும் கீறல் போடுவது.

வார்த்தை பிறந்த விதமே ஒரு குறும்பு. ‘ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்’ என்று ஒன்று இருக்கிறதல்லவா? பெருந்தன்மையாக ஆடுவது, தோற்றாலும் சிரித்துக்கொண்டே கை குலுக்குவது, வெள்ளைக்காரர்கள் உலகத்துக்கெல்லாம் வகுப்பு எடுத்த சமாச்சாரம். அதில் ‘ஸ்போர்ட்ஸ்’ஸை எடுத்துவிட்டு ‘கேம்ஸ்’ஸைச் செருகிவிட்டார்கள். இரண்டுக்கும் அர்த்தம் விளையாட்டுதான். வால் அதே வால். ஆனால், மிருகம் வேறு.

பாட்டர் இந்த வார்த்தைக்குத் தாலி கட்டினாரே தவிர, பெற்றவர் அவர் இல்லை. 1939-ல் இயன் காஸ்டர் என்பவர் எழுதிய புத்தகத்திலேயே இது வருகிறது. ஃபிரான்சிஸ் மெய்னெல் என்ற பதிப்பாளர் சொன்னதாக. ஆனாலும் ஊர் உலகத்துக்குக் கொண்டுபோனது பாட்டர்தான். அதற்குக் காரணம் கரண்ட் கட்! 1947 ஆரம்பத்தில் இங்கிலாந்தில் கடும் குளிர், நிலக்கரிப் பஞ்சம், மின்வெட்டு. அப்போது பாட்டர் பி.பி.சி. வானொலியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒலிபரப்புகளையே கொஞ்ச நாள் நிறுத்தும்படி ஆயிற்று. சும்மா இருந்த மனுஷன் மளமளவென்று ஒரு சின்னப் புத்தகம் எழுதி முடித்துவிட்டார். கேம்ஸ்மேன்ஷிப்பின் தத்துவமும் நடைமுறையும் என்பது தலைப்பு. கீழே துணைத் தலைப்பு: உண்மையில் ஏமாற்றாமலேயே விளையாட்டுகளில் ஜெயிக்கும் கலை. அந்த ‘உண்மையில்’ இருக்கிறதே, அதில்தான் மொத்த நகைச்சுவையும் உட்கார்ந்திருக்கிறது.

புத்தகம் முழுக்க விஞ்ஞானி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார் பாட்டர். அவர் கணக்கில் ஆட்டம் மைதானத்தில் ஆரம்பிப்பதே இல்லை, வீட்டு வாசலில் ஆரம்பிக்கிறது. எதிராளி உங்களைக் கூட்டிப் போக காரில் வருகிறாரா? நன்று. தயாராக இருக்காதீர்கள். ஷூவைத் தேடுங்கள். மைதானத்துக்கு லேட்டாகிவிடும் என்று அவர் பதற வேண்டும், நீங்கள் பதறக்கூடாது. உடையிலும் போர் நடத்தலாம். அவர் டிப்டாப்பாக வந்தால் நீங்கள் கசங்கிப் போங்கள், அவர் கசங்கி வந்தால் நீங்கள் டிப்டாப். எப்படியோ அவருக்கு உறுத்த வேண்டும். முதுகுவலி, முழங்கால்வலி எல்லாம் அருமையான ஆயுதங்கள். வலியைச் சொல்லிப் புலம்பக்கூடாது, மறைக்கப் பார்ப்பது போல் மறைத்து, தெரியும்படி நொண்ட வேண்டும். எதிராளி இளைஞர் என்றால் மனசு கேட்காது.

எல்லாவற்றையும்விட விஷமான ஆயுதம், பாராட்டு! எதிராளி நன்றாக ஆடுகிறாரா? மனதாரப் புகழுங்கள். அப்புறம், அந்த அடி எப்படி விழுகிறது, மணிக்கட்டு எந்த நேரத்தில் திரும்புகிறது என்று ஆர்வமாகக் கேளுங்கள். அதுவரை தானாக விழுந்துகொண்டிருந்த அடியை அவர் யோசித்து அடிக்க ஆரம்பிப்பார். முடிந்தது கதை. (நம் ஆபீஸ் கேரம் போர்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். “சார், ஸ்ட்ரைக்கரை சுண்டும்போது சுண்டு விரலை மட்டும் ஏன் தூக்கிக்கறீங்க?” என்று ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு அவர் ரெட்டைப் போட மாட்டார்.)

விற்பனை சக்கைப்போடு போட்டதும் பாட்டர் மைதானத்தை விட்டு வெளியே வந்தார். 1950-ல் ‘லைஃப்மேன்ஷிப்’, 1952-ல் ‘ஒன்-அப்மேன்ஷிப்’. வாழ்க்கையே ஒரு ஆட்டம், அடுத்தவனைவிட ஒரு படி மேலே நில் என்கிற கோட்பாடு. இந்தக் கடைசி வார்த்தை நம் ஆபீஸ்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. நீங்கள் புது பைக் வாங்கி வந்து நிறுத்துவீர்கள். “ஓ, இதையா எடுத்தீங்க? நல்ல வண்டிதான்... மைலேஜ் பத்திக் கவலை இல்லேன்னா...” என்று இழுப்பாரே ஒருத்தர், அவர் பாட்டரைப் படித்ததில்லை. படித்தவர் தோற்றார்.

எந்த நிபுணரையும் மடக்க பாட்டர் ஒரு சர்வரோக நிவாரணி வைத்திருந்தார். ஒருத்தர் ஏதோ ஒரு நாட்டுக்குப் போய்விட்டு வந்து அந்த ஊர் அரசியல், விவசாயம் என்று அளந்துகொண்டிருக்கிறார். உங்களுக்கு அந்த நாட்டைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. கவலை வேண்டாம். அவர் சொன்னதை ஒப்புக்கொண்டுவிட்டு, ஆனால் தெற்குப் பக்கத்துக்கு அது பொருந்தாதே என்று மட்டும் முணுமுணுங்கள். எந்த நாட்டுக்கும் ஒரு தெற்கு இருக்கும். ஆசாமி வாயடைத்துப் போவார். டெல்லியிலிருந்து வருகிற அதிகாரிகளிடம் நாம் நிஜமாகவே இதைத்தான் காலம் காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது பாட்டருக்குத் தெரியாது, பாவம்.

இந்த ‘மேன்ஷிப்’ வால் அப்புறம் கண்ட இடத்திலும் ஒட்ட ஆரம்பித்தது. 1956-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், போரின் விளிம்பு வரை போய்விட்டு உள்ளே விழாமல் திரும்புவது ஒரு கலை என்கிற தோரணையில் பேட்டி கொடுத்தார். எதிர்க்கட்சித் தலைவர் அட்லாய் ஸ்டீவன்சன் அதை ‘பிரிங்க்மேன்ஷிப்’ என்று கிண்டல் செய்தார். அணுகுண்டு காலத்தில் டென்னிஸ் கோர்ட் ஜோக் எங்கே போய் நின்றது பாருங்கள்.

இனி செஸ் பக்கம் கொஞ்சம் போக வேண்டும். அங்கேதான் இந்த வித்தைக்கு வயசு அதிகம்.

பாட்டர் தன் வித்தைகளை ‘ப்ளாய்’ என்றும் ‘கேம்பிட்’ என்றும் அழைப்பார். இதில் ‘கேம்பிட்’ செஸ்ஸிலிருந்து வந்தது. செஸ்ஸுக்கு எங்கிருந்து வந்தது? இத்தாலிய மொழியில் ‘காம்பா’ என்றால் கால். ‘காம்பெட்டோ’ என்றால் மல்யுத்தத்தில் எதிராளியின் காலை இடறி விடுவது. அதாவது நம் பாஷையில் காலை வாருவது! இதைச் செஸ்ஸுக்குக் கொண்டுவந்தவர் ரூய் லோபஸ் என்ற ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார், 1561-ல் வெளிவந்த தன் புத்தகத்தில். அதே பாதிரியார் அதே புத்தகத்தில் கொடுத்த இன்னொரு அறிவுரை: எதிராளியின் கண்ணில் வெயில் அடிக்கிற மாதிரி பலகையைப் போடு. சாமியார் சொன்னது!

400 வருஷம் கழித்து, 1978-ல் பிலிப்பைன்ஸ் நாட்டின் பாகியோ நகரத்தில் உலக செஸ் பட்டத்துக்கு அனடோலி கார்ப்போவும் விக்டர் கோர்ச்னாயும் மோதினார்கள். கார்ப்போவ் சோவியத்தின் செல்லப்பிள்ளை. கோர்ச்னாய் சோவியத்தை விட்டு ஓடி வந்தவர். இரண்டாவது ஆட்டத்தின் நடுவே கார்ப்போவுக்கு ஒரு கிண்ணத்தில் தயிர் வந்தது. ஆம், தயிர். உடனே கோர்ச்னாய் கோஷ்டி புகார் கொடுத்தது. தயிரின் நிறத்தையோ, அது வருகிற நேரத்தையோ வைத்து ஏதாவது ரகசியத் தகவல் அனுப்பலாமே என்று! கடைசியில் தயிருக்கே நேரம் குறித்தார்கள். கார்ப்போவ் பக்கத்தில் ஸுகார் என்ற மனோதத்துவ டாக்டர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கோர்ச்னாயையே இமைக்காமல் முறைத்துக்கொண்டிருந்தார். கோர்ச்னாய் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் அவரும் சும்மா இல்லை, ஆனந்த மார்க்கத்தைச் சேர்ந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து தியானம் செய்ய வைத்தார். இந்தக் கூத்தெல்லாம் நடுவில் 32 ஆட்டங்கள் நடந்தன. 21 டிரா. 6-5 என்று தலைதப்பி ஜெயித்தார் கார்ப்போவ். தயிரைத் தடை செய் என்று எந்த செஸ் விதியிலும் இல்லை, சாப்பிடு என்றும் இல்லை.

நம் வீட்டுப் பிள்ளை மாட்டியது 1995-ல். நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107-வது மாடியில் விஸ்வநாதன் ஆனந்துக்கும் காரி காஸ்பரோவுக்கும் உலகப் பட்டப் போட்டி. முதல் எட்டு ஆட்டமும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்துவிட்டார். காஸ்பரோவ் வீட்டில் நன்றாகத் தயார் செய்துகொண்டு பத்தாவது ஆட்டத்துக்கு வந்தார். காயை நகர்த்துவார், எழுந்து வெளியே போவார். போகும்போது கதவை ‘படார்’ என்று சாத்துவார். ஆனந்த் தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்து ஒரு நகர்த்தல் வைப்பார். உள்ளே வந்து, உடனே பதில் நகர்த்தல், மறுபடி ‘படார்’. அந்த ஆட்டம் காஸ்பரோவுக்கு. கடைசியில் 10½-7½ என்று போட்டியும் அவருக்கே. நியாயமாகச் சொன்னால் அன்றைக்கு காஸ்பரோவின் ஆட்டமே பிரமாதம், கதவைச் சாத்தாமலிருந்தாலும் ஜெயித்திருப்பார். அப்படியானால் எதற்குச் சாத்தினார் என்பதுதான் கேள்வி. இதில் வேடிக்கை, அன்று இருவரும் ஆடிய ஆரம்ப முறைக்குப் பெயர் ரூய் லோபஸ். வெயில் பாதிரியாரேதான்!

சரி, கிரிக்கெட்டுக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் சூடு ஏறுகிறது.

பாட்டரின் புத்தகம் வந்த அதே 1947. டிசம்பர் மாதம். சிட்னி டெஸ்ட். நம்முடைய வினு மன்கட் பந்து வீச ஓடி வருகிறார். எதிர்முனையில் நின்ற ஆஸ்திரேலியாவின் பில் பிரவுன், பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே க்ரீஸை விட்டு நகர்ந்துவிட்டார். மன்கட் ஸ்டம்ப்பைத் தட்டிவிட்டார். ரன் அவுட். அதே பிரவுனை முந்தின மாதம்தான் ஒரு பயிற்சி ஆட்டத்தில் எச்சரித்து, அதற்கப்புறம் இதே மாதிரி அவுட்டும் ஆக்கியிருந்தார். எதிரணித் தலைவர் பிராட்மனே மன்கட் செய்தது சரி என்று பின்னாளில் எழுதினார். ஆனால், பத்திரிகைகள் விடவில்லை. அந்த மாதிரி அவுட்டுக்கு ‘மன்கடிங்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். டெஸ்டில் இரண்டாயிரம் ரன்னுக்கு மேலும், 162 விக்கெட்டும் எடுத்த ஒரு மனுஷனின் பெயர், உலகம் பூராவும் ஏதோ குறுக்குவழிக்குப் பெயராகிவிட்டது.

இன்னும் 65 வருஷம் பின்னால் போங்கள். 1882, லண்டன் ஓவல் மைதானம். ஆஸ்திரேலிய இளைஞர் சாமி ஜோன்ஸ், பந்து முடிந்துவிட்டது என்று நினைத்து பிட்ச்சைத் தட்டிச் சரிசெய்ய க்ரீஸை விட்டு வந்தார். இங்கிலாந்தின் டபிள்யூ.ஜி. கிரேஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டம்ப்பைத் தட்டிவிட்டார். விதிப்படி அவுட். கொதித்துப்போன ஸ்போஃபோர்த் பந்து வீசிப் பழிதீர்க்க, இங்கிலாந்து 7 ரன்னில் தோற்று, அதிலிருந்துதான் ‘ஆஷஸ்’ கதையே ஆரம்பித்தது. ‘கிரேஸிங்’ என்று ஒரு வார்த்தை கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆங்கிலத்தில் அதற்கு ஆடு மாடு மேய்வது என்றுதான் பொருள் தோன்றும்.

1981 பிப்ரவரி 1. மெல்போர்ன். கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தால் நியூஸிலாந்துக்கு டை. ஆஸ்திரேலிய கேப்டன் கிரெக் சாப்பல், தன் சொந்தத் தம்பி ட்ரெவரிடம் பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார். தம்பி உருட்டினார். மட்டையாளர் மெக்கெக்னி தடுத்துவிட்டு, ஆத்திரத்தில் மட்டையைத் தூக்கி எறிந்தார். அன்றைய விதிப்படி அதுவும் சரிதான். இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கண்டித்தார்கள். ஆனால், ‘சாப்பலிங்’ என்று யாரும் சொல்வதில்லை.

இதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். விதிக்குள் நின்று செய்கிற காரியத்துக்கு யார் பெயர் வைக்கிறார்கள், யாருடைய பெயரை வைக்கிறார்கள் என்பதிலும் ஒரு கேம்ஸ்மேன்ஷிப் இருக்கிறது.

2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். ஐ.பி.எல். ஆட்டம். பஞ்சாப் கேப்டனாக நம் சென்னை அஸ்வின். 69 ரன்னில் விளாசிக்கொண்டிருந்த ராஜஸ்தானின் ஜாஸ் பட்லர் க்ரீஸை விட்டு நகர, அஸ்வின் ஸ்டம்ப்பைத் தட்டினார். வார்த்தைகளுக்கா பஞ்சம்? எச்சரித்திருக்க வேண்டாமா, ஆட்டத்தின் ஆன்மா என்னாவது என்று ஆளாளுக்கு உபதேசம். அஸ்வின் அசரவில்லை. விதியில் இருக்கிறது, செய்தேன், இதில் வெட்கப்பட என்ன என்றே கடைசி வரை நின்றார். பந்து வீச்சாளர் அரை அங்குலம் தாண்டினால் நோ-பால், மட்டையாளர் ஒரு கஜம் திருடினால் அது மட்டும் பெருந்தன்மையா? யோசிக்க வேண்டிய கேள்வி.

லண்டனிலிருந்து விதிகளை எழுதும் எம்.சி.சி.யும் யோசித்தது. அதுவரை ‘முறையற்ற ஆட்டம்’ என்ற தலைப்பின் கீழ் 41-வது விதியில் கிடந்த இந்த அவுட்டை, 2022 அக்டோபர் 1 முதல் ‘ரன் அவுட்’ என்ற 38-வது விதிக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், லார்ட்ஸ் மைதானத்திலேயே நம் தீப்தி சர்மா, இங்கிலாந்தின் சார்லி டீனை அதே மாதிரி அவுட் ஆக்கி ஆட்டத்தை முடித்தார். அந்தப் பெண் அழுதது. கூச்சல் கிளம்பியது. ஸ்கோர்போர்டில் மட்டும் அமைதியாக ‘ரன் அவுட்’ என்று விழுந்தது.

அதெல்லாம் இருக்கட்டும், நம் தாடிக்கார ஜோட் என்ன ஆனார்?

பெரிய ஆளாகிவிட்டார். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பி.பி.சி.யின் ‘பிரெய்ன்ஸ் டிரஸ்ட்’ நிகழ்ச்சியில் நேயர் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த குரலாகிவிட்டார். பிரபு பட்டமே வரப்போகிறது என்று பேச்சு. பாட்டரின் புத்தகம் அவருடைய டென்னிஸ் சாமர்த்தியத்தையும் ஊரறிய வைத்தது.

அந்தப் புத்தகம் வந்த மறு வருஷம், 1948. லண்டன் வாட்டர்லூவிலிருந்து எக்ஸிட்டர் போகும் ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். ஜோடிடம் டிக்கெட் இல்லை. நாம் சொல்வோமே ‘வித்தவுட்’, அதேதான். அது முதல் தடவையும் இல்லை. ரயில்வேக்குக் காசு கொடுக்காமல் போவதை அவர் ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருந்தார். ஏப்ரலில் வழக்கு முடிந்தது. அபராதம் 2 பவுண்டு. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். பி.பி.சி. வேலை போயிற்று, பிரபு பட்டம் போயிற்று. ஐந்து வருஷத்தில் ஆளும் போய்விட்டார்.

கையில் டிக்கெட் இல்லாமல் நின்றபோது, தாம் உள்ளேயா வெளியேயா என்று அந்தப் பரிசோதகரிடம் அவர் கேட்டதாகத் தகவல் இல்லை.